வடக்கே சாய்ந்த டிஷ்

அத்தியாயம் 3

தசரதனின் மௌனத்தை வசந்தா ஊர்க் கணக்கில்தான் அளப்பாள். ஆவடி வரைக்கும் நீடித்தால் சாதாரண மௌனம். பூந்தமல்லி தாண்டினால் யோசனை. அன்று காலை அம்பத்தூர் ஓ.டி.யில் அவளுடைய டி.வி.எஸ். ஃபிஃப்டியின் பின்சீட்டில் ஏறியவர், திருமழிசை போய்க் குத்தம்பாக்கத்துக்குத் திரும்பிய பிறகும் வாயைத் திறக்கவில்லை.

"சார், இருக்கீங்களா? இல்ல ஆவடியிலயே விழுந்துட்டீங்களா?"

"இருக்கேன்."

"நல்லது. வண்டி முக்குற முக்கலைப் பாத்தே நான் தெரிஞ்சிக்கினு இருக்கணும்."

தசரதன் கனத்த மனிதர். ஐம்பதைத் தொட்ட வயது. துப்பறியும் தொழிலுக்கு வந்ததே பேசாமல் பிழைக்கலாம் என்று நம்பித்தான் என்பது வசந்தாவின் கட்சி. வேர்க்கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து, நீவி, இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் எறிவார். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்காகத்தான் தனக்குச் சம்பளம் என்று அவள் வெளியில் சொல்லிக்கொள்வாள்.

முந்தின நாள் கன்னியம்மா அவர்களுடைய மாடி அறைக்கு வந்து நின்ற கோலம் இன்னும் வசந்தாவின் கண்ணிலேயே இருந்தது. செருப்பை வாசலுக்கு வெளியே, படிக்கட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"எல்லையம்மன் கோயில் வெள்ளித் திருவாசி காணாம பூட்சிங்க. சாமிக்குப் பின்னால வளைவா நிக்கும் பாருங்க, அது. வெள்ளிக்கெழம சாயங்காலம். புயல் வர்துன்னு ஊரு மொத்தமும் ஜம்புலிங்கம் ஐயா ஊட்ல சாட்டிலைட்டு படம் பாத்துக்கினு கீது. என் ஊட்டுக்காரரு தேவராஜு மட்டும் கோயில் வாசல்ல சீரியல் பல்பு கட்டிக்கினு இருந்தாரு. பின்னால ஏரிப் பக்கத்துக் கதவு தொறந்தே கெடந்துச்சாம். ஐயாவோட மச்சான் சம்பத்து, 'மாடியிலேர்ந்து பாத்தேன், தேவராஜு உள்ள பூந்தான்'னு போலீசாண்ட சொல்லிட்டாரு. புட்ச்சி உள்ள வெச்சிட்டாங்க. நாளைக்கு சாயங்காலம் கோர்ட்டுக்கு இட்டுக்கினு போறாங்களாம்."

"பொருள் கெடைச்சுதா?" என்று கேட்டாள் வசந்தா.

"ஊட்டையே கலைச்சிப் போட்டாங்க. அரிசிப் பானையில கை உட்டுத் தேடுனாங்க. எங்கேர்ந்து கெடைக்கும்?"

தசரதன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சம்பத் மாடியில என்ன பண்ணிட்டு இருந்தான்?"

"டிஷ்ஷ திருப்பிக்கினு இருந்தாரு. சாட்டிலைட்டு நகரும்ல? கூடவே திருப்பணுமாம். 'தெரியுதா, தெரியுதா'ன்னு அவர் கேக்கறது தெரு முனை வரைக்கும் கேட்டுச்சாம்."

அதைக் கேட்டதும் தசரதன் மௌனத்தில் விழுந்தார். இன்னும் எழவில்லை.

தெருமுனையில் கன்னியம்மா காத்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்து, எதுவும் கேட்காமல், அவர்கள் பின்னாலேயே நடந்தாள்.

ஜம்புலிங்கத்தின் வீடு வடக்கே தெருவையும், தெற்கே, பின்பக்கம் ஏரியையும் பார்த்து நின்றது. வாசலில் பெரிய போர்டு. 'ககனம் வானிலை மையம். வானத்திலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு.' எழுத்துக்கு மேலே, மேகங்களுக்கு நடுவில், தட்டான் பூச்சியைப் போல இரண்டு பக்கமும் சிறகு விரித்து இன்சாட் பறந்தது. தசரதன் போர்டைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

"ஒரு சிறகு அதிகம்," என்றார்.

"வரையறவருக்கு அடிக்கணக்குல கூலியா இருக்கும் சார்."

"இன்சாட்டுக்கு ஒரு பக்கம்தான் சூரியத் தகடு. இன்னொரு பக்கம் நீளமா ஒரு கம்பி. அதோட நுனியில சின்னதா ஒரு பாய்."

"பாயா? படுத்துக்கவா?"

"கப்பல் பாய். மேகத்தைப் பாக்க அதுக்கு ரெண்டு விதமான கண்ணு இருக்கு. ஒண்ணு வெளிச்சத்துல பாக்கும். பொழுது சாஞ்சா அது குருடு. இன்னொண்ணு சூட்டை வெச்சு மேகத்தைப் பாக்கும். ராத்திரியிலயும் பாக்கும். சூட்டை அளக்கிற கண்ணு சில்லுனு இருக்கணும். அதனால அதைக் குளிர வைக்கிற பக்கத்துல தகடே வைக்காம, இருட்டு வானத்தைப் பாக்க விட்டிருக்காங்க. ஆனா ஒரு பக்கம் மட்டும் தகடு இருந்தா, வெயில் பட்டுப் பட்டே அதைத் திருப்பிவிட்டுடும். அதைச் சரிக்கட்டத்தான் அந்தப் பாய்."

"வெயில் தள்ளுமா சார்?"

"மெதுவா. ஆனா விடாம."

"எங்க மாமியார் மாதிரின்னு சொல்லுங்க." வசந்தா கன்னியம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஒரு வாரத்துப் பேச்சை மொத்தமா பேசிட்டாரு. கடலை மடிச்ச காயிதம் உபயம். இனிமே நாமதான் பாத்துக்கணும்."

கன்னியம்மா சிரிக்க முயன்று தோற்றாள்.

ஜம்புலிங்கம் சலவை வேட்டியும் கையில் சுட்டுக்கோலுமாக வரவேற்றார். அரிசி மில்லை விற்று டிஷ் வாங்கியவர். செங்கல் சூளைக்காரர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் இவரைக் கேட்காமல் அடுப்பு மூட்டுவதில்லை, பந்தல் கால் நடுவதில்லை. கூடத்தில் பெரிய கலர் டி.வி., அதன் கீழே பூப்போட்ட துணி மூடிய ஒரு மேசை, எதிரே ஊரே உட்காரும் அளவுக்கு ஜமக்காளம்.

"துப்பறிய வந்திருக்கீங்க. சந்தோஷம். விஞ்ஞானம் எதையும் மறைக்காது. இன்னைக்கு வானத்தைப் பாக்கறீங்களா? இப்ப, இந்த நிமிஷம் வந்துக்கினு இருக்கற படம்."

மேசைத் துணிக்குள் கையை விட்டு எதையோ அழுத்தினார். திரையில் சிறிது நேரம் வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன. பிறகு இந்தியா தெரிந்தது. வங்கக் கடலில் சுருண்டு கிடந்த மேகத்தைக் கோலால் தொட்டு, "இவன் ஆந்திராவுக்குப் போயிடுவான்," என்றார் ஜம்புலிங்கம், தன் பேரனைப் பற்றிச் சொல்வதைப் போல.

வசந்தா திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். அரபிக் கடலில் மேகமே இல்லை. ஆனால் சாம்பல் நிறத்தில், கண்ணாடியில் பார்ப்பதைப் போல இடம் வலம் மாறி, ஏதோ எழுத்துகள் மிதந்தன. கழுத்தை ஒடித்துப் படித்தாள். 'தினசரி நான்கு காட்சிகள்.'

அவள் நிமிர்ந்து தசரதனைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம்ங்க," என்று சொல்லிவிட்டு அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தாள்.

"சார், அந்தாளு டுபாக்கூரு! பேப்பர்ல வர்ற படத்தை வீடியோ எடுத்து வெச்சி ஓட்டறாரு. பின்பக்கத்து சினிமா வெளம்பரம் அரபிக் கடல்ல தெரியுது."

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்லையே!"

தசரதன் விரலை உயர்த்தி மொட்டை மாடியைக் காட்டினார். கூரையின் ஓரத்தில், ஒரு ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய டிஷ், தெருவைப் பார்த்து வாயைப் பிளந்து சாய்ந்திருந்தது. கீழேயிருந்து பார்த்தால் அதன் உள் குழிவு முழுதாகத் தெரிந்தது.

"அது எந்தத் திசையைப் பாக்குது?"

"வடக்க."

"இன்சாட் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிக்குது. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரம். பூமி சுத்தற அதே வேகத்துல அதுவும் சுத்தறதால நமக்கு அது அசையறதே இல்ல. வேற உயரத்துல, வேற பாதையில போனா இப்படி ஒரே இடத்துல நிக்க முடியாது. அந்த ரேகை நமக்குத் தெற்கே, இலங்கையையும் தாண்டி இருக்கு. அப்படி நிக்கிறது எல்லாமே நமக்குத் தெற்கேதான்."

"அப்ப இந்த டிஷ்ஷு வடக்க யாரைப் பாக்குது?"

"திருநின்றவூரை."

வசந்தா சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே அவளுக்குக் கோபமும் வந்தது. பின்னால் கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தசரதன் வழக்கம்போல இன்னும் ஏதோ சொல்லப்போவதாக நின்றார். காத்திருக்க வசந்தாவுக்குப் பொறுமை இல்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"ஐயா, ஒளிவு மறைவு வேணாம். படமும் பொய், டிஷ்ஷும் பொய். ஊரையே கூடத்துல உக்கார வெச்சிட்டு, திருவாசியத் தூக்குனது நீங்கதானே?"

ஜம்புலிங்கத்தின் கையிலிருந்த கோல் தாழ்ந்தது. மெதுவாக ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்.

"படம் பொய்தாம்மா," என்றார். குரலில் இப்போது விஞ்ஞானம் இல்லை. "மில்லை வித்து வாங்குனேன். மாட்டிப் பாத்தா வெறும் டி.வி.தான் வந்துச்சி. மேகப்படம் ஊட்டு டிஷ்ஷுக்கு வராதாமே. சர்க்காரோட பெரிய ஸ்டேஷன்ல எறக்கி, அங்க சரி பண்ணி, அப்புறந்தான் வெளிய உடுவாங்களாம். வாங்குன அப்புறம் தெரிஞ்சி இன்னா பண்றது? ஊரு வந்து வாசல்ல நின்னு, மழ வருமான்னு கேக்குது. வராதுன்னு சொன்னா என் மூஞ்சியப் பாத்து சந்தோஷமா போகுது. அது பழகிடுச்சி. ஆனா சத்தியமா அம்மன் சொத்துல கை வெக்கல."

"வெச்சிருக்க முடியாது," என்றார் பின்னால் வந்த தசரதன். "ஊர் முழுக்க இவர் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருந்திருக்கு. வசந்தா, கொஞ்சம் காத்திருந்தா சொல்லியிருப்பேன்."

"நீங்க சொல்ற வரைக்கும் காத்திருந்தா, தேவராஜு தண்டனை முடிஞ்சே வெளிய வந்துடுவாரு."

அந்த நேரத்தில் கையில் முறத்தோடு அன்னம்மாள் வாசலில் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீடு. தினமும் இந்த வேளைக்கு வருபவள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

"ஜம்பு, இன்னைக்கு மொளகா காய வெக்கலாமா?"

ஜம்புலிங்கம் தலை நிமிராமல், "வானத்தைப் பாத்து முடிவு பண்ணிக்கோ ஆயா," என்றார். அன்னம்மாள் திகைத்துப்போனாள். அவர் அவளிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும்.

தசரதன் அவளை உட்காரச் சொன்னார். "வெள்ளிக்கிழமை நீங்களும் இங்க இருந்தீங்களா?"

"மொத வரிசை! அந்த சம்பத்து பையன் மேல நின்னுகினு 'தெரியுதா, தெரியுதா'ன்னு கேக்கறான். நாங்க 'இல்ல, இன்னும் கொஞ்சம்'னு கத்தறோம். நம்ம ஊட்டு ஆன்டெனாவத் திருப்பறப்ப கத்தறோமே, அதே மாதிரி."

"படம் தெரிஞ்சதும்?"

"தெரிஞ்சிடுச்சின்னு எல்லாரும் கைதட்டிக் கத்துனோம். அதுக்கப்புறமும் கேக்கறான் பாரேன், தெரியுதாங்கறான்! தெரியுதுய்யா, எறங்குன்னு நான் தொண்டை கிழியக் கத்தறேன். மறுபடியும் தெரியுதாங்கறான். காது போச்சான்னு நெனச்சிக்கினேன்."

தசரதன் வெகுநேரம் பேசவில்லை. டி.வி. திரையில் அந்தப் பழைய புயல் நகராமல் சுருண்டு கிடந்தது. வசந்தாவுக்கு இந்த மௌனம் வேறு வகை என்று தெரியும். இது யோசனை இல்லை. விடையைக் கண்டுவிட்டு, அதனால் நொறுங்கப்போகிற ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மௌனம். அவர் ஜம்புலிங்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல நின்னு தெரியுதான்னு கேக்கச் சொன்னது யாரோட யோசனை?"

"சம்பத்தோடது. புள்ளிப் புள்ளியா கொஞ்ச நேரம் உட்டு, மேலேர்ந்து ஒருத்தன் கொரல் குடுத்தாதான் ஜனம் நம்பும் மாமான்னான். நானும் சரின்னேன்."

"வீட்ல டேப் ரிக்கார்டர் இருக்கா?"

"அவன் ரூம்ல கீது."

வசந்தா ஓடிப்போய் எடுத்து வந்தாள். உள்ளே ஒரு கேசட். மேலே அம்மன் பாட்டு என்று லேபிள். பொத்தானை அழுத்தினாள். உடுக்கைச் சத்தம் கொஞ்சம் கேட்டது. பாதியில் அறுந்தது. வெறும் இரைச்சல். அப்புறம், கூடமே அதிரும்படி ஒரு குரல்:

"தெரியுதா?"

"தெரியுதுய்யா, எறங்கு!" என்று கத்திவிட்டு அன்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீண்டும் இரைச்சல். "தெரியுதா?" மீண்டும் இரைச்சல்.

"புது கேசட் வாங்கக்கூட மனசு வரல பாரு," என்றாள் வசந்தா. "ஊரே உக்காந்து இத்தோட பேசிக்கினு இருந்திருக்கு."

மூன்றாவது 'தெரியுதா' முடியும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. கூலிங் கிளாஸைக் கழற்றியபடி சம்பத் உள்ளே நுழைந்தான். தன் குரலே தன்னை வரவேற்றதில் ஒரு கணம் வெளிறினான். அடுத்த கணமே சிரித்துவிட்டான். கெட்டிக்காரன்தான்.

"அதுவா? அன்னைக்குத் தொண்ட கட்டிக்கிச்சி சார். முன்னாடியே பேசி ரெக்கார்டு பண்ணி வெச்சிக்கினேன். ஆனா ஆளு மேலதான் இருந்தேன். டிஷ்ஷத் திருப்பிக்கினேதான் இருந்தேன். தேவராஜு கோயிலுக்குள்ள போனத இந்தக் கண்ணால பாத்தேன்."

"எதுக்குத் திருப்பினே?"

"சாட்டிலைட்டு ஓடிக்கினே கீதுல்ல சார். இது கூடவே போகணும்."

"ஓடறதில்ல," என்றார் தசரதன் மிருதுவாக. "ஒரே இடத்துல நிக்கத்தான் அதை அவ்வளவு உயரத்துல வெச்சிருக்காங்க. ஒரே பக்கம் பாத்துக்கிட்டே நின்னு, மணிக்கணக்கா மேகம் நகர்றதைப் படம் எடுக்கும். அதனாலதான் புயல் போற வழி தெரியுது. டிஷ்ஷை ஒரு தடவை தெற்கே சாய்ச்சு முடுக்கினா, அப்புறம் அதை யாரும் தொட வேண்டாம். சரி, போகட்டும். இப்ப மேல போய் அதைத் தெற்கே திருப்பு. பாக்கலாம்."

சம்பத் அசையவில்லை.

"இன்னா தம்பி, தொண்ட மாதிரி கையும் கட்டிக்கிச்சா?" என்றாள் வசந்தா.

"அது... வாஸ்து சார்." அவன் அக்காள் புருஷனைப் பார்த்தான். "ஊட்டு மேல கீற பெரிய பொருளு வடக்கப் பாக்கணும், அது குபேரன் தெசைன்னு ஒருத்தர் சொன்னாரு. திருப்புனா மாமாவுக்கு ஆவாது."

ஜம்புலிங்கம் தன்னையறியாமல் தலையசைத்தார். அன்னம்மாளும் "ஆமாமா, வாஸ்து பொல்லாதது," என்றாள். வாசலில் கூடத் தொடங்கியிருந்த தெருவும் அதை ஏற்றுக்கொண்டு முணுமுணுத்தது. கன்னியம்மாவின் முகம் தொங்கிப்போனது. கைக்கு வந்தது நழுவுகிறதோ என்று வசந்தாவுக்கே தோன்றியது.

தசரதன் மட்டும் முதல்முறையாகப் புன்னகை செய்தார்.

"நல்ல வாஸ்து. எப்பத் திருப்பி வெச்சே? வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சம்பத் கூலிங் கிளாஸை மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

"முன்னாடின்னா, குபேரனைப் பாத்து நிக்கிறதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க எப்படித் திருப்பிட்டு இருந்தே? மாமாவுக்கு ஆகாதே. பின்னாடின்னா, கோயில்ல பொருள் போன கையோட, இத்தனை நாள் தெற்கே பாத்த டிஷ் ஏன் வடக்கே திரும்பிச்சு?"

யாரும் பேசவில்லை. தசரதனுக்குப் பழக்கமான அமைதி. சம்பத்துக்குப் பழக்கமில்லை. அதன் கனம் தாங்காமல் அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். வாசலில் நின்ற தெரு அவனுக்கு வழி விடவில்லை.

"தெற்கே சாஞ்சிருந்தா வடக்கு விளிம்பு தூக்கி நிக்கும்," என்றார் தசரதன் வசந்தாவிடம். "தெருவுல போறவங்களுக்கு டிஷ்ஷோட முதுகு தெரியும். வடக்கே சாச்சா வாய்தான் தெரியும். முதுகு யாருக்குத் தெரியும்?"

"ஏரியில கீற கொக்குக்கு." சொன்ன மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் படியேறினாள்.

மொட்டை மாடி வெயிலில் கண் கூசியது. டிஷ்ஷைச் சுற்றிப் பின்பக்கம் போய்க் குனிந்தாள். முதுகு முழுக்கப் புதுசாக அலுமினியப் பெயின்ட். விளிம்போடு விளிம்பாக, கம்பி போட்டுக் கட்டி, அதே பெயின்ட் பூசிய ஒரு வளைவு. விரல் நகத்தால் சுரண்டினாள். வெள்ளி. வளைவைச் சுற்றிச் சின்னச் சின்னத் தீச்சுடர்கள். உச்சியில் யாளி முகம். பெயின்ட் வழிந்து அதன் ஒரு கண் மூடியிருந்தது. மற்றக் கண் அவளையே முறைத்தது.

அங்கிருந்து அவள் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெரிய வேப்பமரம் ஒன்று வாசலை முழுக்க மறைத்து நின்றது. இந்த மாடியிலிருந்து யார் உள்ளே போனாலும் வந்தாலும் தெரியாது.

கம்பத்தின் திருகுகளைத் தளர்த்தினாள். மறுபடியும் பூட்டிய சுவடே இல்லாமல் அவை கைக்கே சுழன்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். பெரிய தட்டு முனகியபடி திரும்பியது, வடக்கை விட்டு, கிழக்கைக் கடந்து, எப்போதும் பார்த்திருக்க வேண்டிய தெற்கை நோக்கி. வடக்கு விளிம்பு உயர்ந்தது. முதுகில் இருந்த வளைவு தெருவுக்கு நேராக எழுந்தது.

கீழே கன்னியம்மா தெரு நடுவில் தனியாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி தசரதன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. வசந்தாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாடியில் நிற்பவர்கள் சொல்லும் அந்த ஒரே வார்த்தைதான் வாயில் வந்தது.

"தெரியுதா?"

கன்னியம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். புருஷன் அடைபட்டிருக்கும் அந்தப் போலீஸ் நிலையம் வரைக்கும் கேட்க வேண்டும் என்பதைப் போல, தொண்டை உடையக் கத்தினாள்:

"தெரியுது! நல்லாத் தெரியுது!"